கிளட்ச் பெடலின் உயரமும் பிடியும்: மஸ்தா எம்.எக்ஸ்-5 வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட மஸ்தா எம்.எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்பனையானது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் அதை உருவாக்கிய குழு, "ஜின்பா இட்டாய்" என்ற ஜப்பானியத் தொடரைத் தன் வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாக இயங்குவது என்பது அதன் பொருள். அந்த ஒருமையை ஓட்டுநர் உணரும் இடங்களில் கிளட்ச் பெடல் முக்கியமானது. முதல் இரண்டு தலைமுறைக் கார்களும், அதாவது 1989 முதல் 1997 வரையும் 1998 முதல் 2005 வரையும் வந்தவை, இன்று வயதானவை. அவற்றின் கிளட்ச் பெடல் தளர்ந்தும் தாழ்ந்தும் போவது இயல்பு. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பிற கார்களுக்குப் பொருந்தும் செய்திகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

"பெடல் சரியில்லை" என்று சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறோம்?

நான்கு வெவ்வேறு குறைகளை நாம் இந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பெடல் மற்ற பெடல்களைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்பது ஒன்று. மிதிக்கத் தொடங்கியதும் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும் தூரம், அதாவது ஃப்ரீ பிளே, அதிகமாகவோ இல்லாமலோ இருப்பது இன்னொன்று. காலை எடுக்கும்போது கிளட்ச் பிடிக்கும் இடம் தரையை ஒட்டியோ மிக மேலேயோ இருப்பது மூன்றாவது. மிதிக்க வேண்டிய பலம் கூடிப்போவது அல்லது பெடல் பஞ்சுபோல் அமுங்குவது நான்காவது. முதல் இரண்டையும் ஸ்பேனரால் நேரடியாகச் சரிசெய்யலாம். மூன்றாவதை ஓரளவுதான் சரிசெய்ய முடியும். நான்காவதைப் பெடலில் சரிசெய்யவே முடியாது. இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விடுபவர்கள்தான் நல்ல கிளட்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எம்.எக்ஸ்-5 கிளட்ச் எப்படி இயங்குகிறது? சரிசெய்யும் இடங்கள் எவை?

பெடலின் மேல்முனையில் கவைபோன்ற ஓர் இணைப்பு உண்டு. அதிலிருந்து புறப்படும் புஷ் ராட், ஃபயர்வாலை (என்ஜின் அறையையும் நாம் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தகட்டுச் சுவர்) தாண்டி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ள, அது கிளட்ச் ஃபோர்க்கை நெம்புகிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை நகர்த்துகிறது. பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் வட்டவடிவ டயாஃப்ரம் ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அப்போது கிளட்ச் பிளேட், என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலிலிருந்து விடுபடுகிறது. கிளட்ச் பிளேட்டின் விட்டம் 1.6 லிட்டர் கார்களில் 200 மி.மீ., 1.8 லிட்டர் கார்களில் 215 மி.மீ.

இவ்வளவு நீண்ட சங்கிலியில் நாம் திருப்பக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. பெடல் மேலே வந்து முட்டி நிற்கும் போல்ட் அல்லது சுவிட்ச், பெடலின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. லாக் நட்டுடன் (வைத்த நீளம் மாறாமல் பூட்டும் நட்) கூடிய புஷ் ராடின் நீளம், ஃப்ரீ பிளேயைத் தீர்மானிக்கிறது. ஸ்லேவ் சிலிண்டரின் பக்கம் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது.

என் காரில் கிளட்ச் தரையை ஒட்டிப் பிடிக்கிறது. புஷ் ராடை நீட்டினால் போதுமா?

போதும் என்று உடனே சொல்லிவிட முடியாது. நேற்றுவரை சரியாக இருந்த பெடல் இன்று தாழ்ந்திருந்தால், அது பழுது. புஷ் ராடு தானாகக் குட்டையாவதில்லை. லாக் நட் தளர்ந்து திரும்பியிருக்கலாம், ஆனால் அப்படி நடப்பது அரிது. எனவே ஸ்பேனரை எடுக்குமுன் பின்வரும் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலில் தரையைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட்கள் கிடந்தால், பெடல் முழுத்தூரம் இறங்காது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், "கியர் விழமாட்டேன் என்கிறது" என்று வந்த கார்களில் இந்தக் காரணத்தை நானே கண்டிருக்கிறேன்.

அடுத்து, பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்து மிதித்துப் பாருங்கள். அப்படி மிதித்ததும் பிடிக்கும் இடம் மேலே ஏறினால், குழாயில் காற்று இருக்கிறது அல்லது ஏதோ ஒரு சிலிண்டரின் ரப்பர் சீல் கசிகிறது என்று பொருள். எம்.எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளிலும் ஸ்லேவ் சிலிண்டர் பெயர்பெற்ற பலவீனம். அதன் முனையிலுள்ள ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே கறுத்த ஆயில் தேங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் அடையாளம் காருக்குள்ளேயே தெரியும். புஷ் ராடு ஃபயர்வாலுக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவினால் ஈரம் ஒட்டும், பெடலின் தண்டில் பெயிண்ட் உப்பி உரிந்திருக்கும். வெளியே ஒரு சொட்டும் விழாமல் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொடுப்பதும் உண்டு. பெடலை முழுவதும் மிதித்து கியரைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, கால் அசையாமலே கார் மெல்ல ஊர ஆரம்பித்தால் அதைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது சோதனை ரிவர்ஸ் கியர். என்ஜின் ஐடிலில் ஓடட்டும். பெடலைத் தரைவரை மிதித்து மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். முதல் தலைமுறையின் ஐந்து கியர் பெட்டியில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்க்கும் அமைப்பு, கிடையாது. ஆகவே கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் கியர் விழும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். சத்தமில்லாமல் விழுந்தால், பிடிக்கும் இடம் தாழ்வாகத் தெரிந்தாலும் கிளட்ச் தன் வேலையைச் செய்கிறது. அப்போது அது பழுதன்று, உங்கள் விருப்பத்திற்கு ஒத்துவராத அமைப்பு மட்டுமே. எம்.எக்ஸ்-5இல் கிளட்ச் சற்றுத் தாழ்வாகப் பிடிப்பது பலருக்கும் முதலில் புதிதாகத் தோன்றும் ஒன்றுதான்.

ஃப்ரீ பிளே எதற்கு? அது வீணான தூரம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டன் முழுவதும் பின்வாங்கி நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஆயில் டப்பாவுக்குத் திறக்கும் மிகச் சிறிய துளை ஒன்று இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் அந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் போயாக வேண்டும். அப்போதுதான் குழாயில் இருக்கும் ஆயில் டப்பாவோடு தொடர்புகொள்ளும். என்ஜினின் சூட்டில் ஆயில் விரிவடையும்போது, கூடுதல் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. புஷ் ராடை அளவுக்கு மீறி நீட்டி ஃப்ரீ பிளேயே இல்லாமல் செய்தால், பிஸ்டன் துளையை மூடியபடியே நிற்கும். ஆயில் சூடாகும், விரியும், போக வழியின்றி ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ளும். நீங்கள் பெடலைத் தொடாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் அதைப் பாதி மிதித்துக்கொண்டிருக்கும். கிளட்ச் ஸ்லிப் ஆகும், அதாவது முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், பிளேட் கருகும், ரிலீஸ் பேரிங் ஓயாமல் பாரம் சுமந்து தேயும்.

இதை நான் என் சொந்தக் காரிலேயே அனுபவித்தேன். பிடிக்கும் இடம் மேலே வேண்டும் என்று ஒரு பட்டறையில் கேட்டிருந்தேன். அவர்கள் புஷ் ராடைத் தாராளமாக நீட்டிக் கொடுத்தார்கள். நகரத்துக்குள் ஓட்டியபோது அருமையாக இருந்தது. மறுநாள் மலைப்பாதையில் ஏறத் தொடங்கி அரைமணி நேரம் கடந்ததும், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறியது, வேகம் கூடவில்லை. கருகிய வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டேன். ஆறியதும் கிளட்ச் ஒன்றுமே நடக்காததுபோல் பிடித்தது. சூட்டில் ஸ்லிப், ஆறினால் சரி என்ற அந்த மாறி மாறி வரும் நடத்தைதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. அங்கேயே டூல் பையைத் திறந்து லாக் நட்டைத் தளர்த்தி, புஷ் ராடை ஒரே ஒரு சுற்று உள்ளே திருப்பினேன். பெடலின் மேல்முனையில் மெல்லிய ஆட்டம் கையில் தட்டுப்பட்டது. மீதி மலையை ஒரு குறையும் இல்லாமல் ஏறினேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஒரு கிளட்ச் பிளேட்டின் ஆயுளே இருக்கிறது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

சரி, பழுது ஒன்றுமில்லை என்று உறுதியாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

முதலில் இடம் செய்துகொள்ளுங்கள். முதல் தலைமுறைக் காரில் ஓட்டுநர் இருக்கை நான்கு போல்ட்டுகளில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி எடுக்க ஆகும் பத்து நிமிடம், கழுத்தை முறுக்கிக்கொண்டு வேலைசெய்யும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். தலையில் மாட்டும் டார்ச் ஒன்றும் 12 மி.மீ. ஸ்பேனரும் ஒரு ஸ்கேலும் கொஞ்சம் வெள்ளை பெயிண்டும் வேண்டும். உங்கள் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரிய சர்வீஸ் மானுவலில் பெடல் உயரம், ஃப்ரீ பிளே, கிளட்ச் விடுபடும் உயரம் ஆகிய மூன்று அளவுகளும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் இப்போதுள்ள நிலையை அளந்து குறித்துவையுங்கள். புஷ் ராடிலும் கவையிலும் ஒரே கோட்டில் பெயிண்ட் புள்ளி வையுங்கள். எவ்வளவு திருப்பினோம் என்பதும், பிடிக்காவிட்டால் எங்கே திரும்பிச் செல்வது என்பதும் அந்தப் புள்ளியால் தெரியும்.

பெடல் உயரத்தை முதலில் சரிசெய்து, ஃப்ரீ பிளேயை அதன் பிறகு சரிசெய்ய வேண்டும். உயரத்தை மாற்றினால் ஃப்ரீ பிளேயும் சேர்ந்து மாறும் என்பதால், வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு முறை வேலைசெய்ய நேரிடும். மேலே முட்டும் போல்ட்டின் அல்லது சுவிட்சின் லாக் நட்டைத் தளர்த்தி, மானுவல் சொல்லும் உயரத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். பிறகு புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்துங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால் சுற்று திருப்பிவிட்டு, பெடலின் மிதிபலகையை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். ராடு நீண்டால் ஆட்டம் குறையும், குட்டையானால் ஆட்டம் கூடும்.

விரலால் அழுத்தும்போது இரண்டு கட்டங்களை நீங்கள் உணர வேண்டும். முதலில், கவையில் கோத்திருக்கும் பின் எனும் சிறு ஆணியும் ராடின் முனையும் தங்களுக்குள் இருக்கும் இடைவெளியைக் கடக்கும் உயிரற்ற ஆட்டம். அதன் பிறகு, பிஸ்டனின் ஸ்பிரிங் மெதுவாக எதிர்க்கும் மென்மையான தூரம். முதல் கட்டம் கொஞ்சமாவது இருந்தே ஆக வேண்டும். காலால் அழுத்தினால் இந்த வேறுபாடு தெரியாது. விரலுக்குத்தான் அந்த நுட்பம் உண்டு.

பிடிக்கும் இடம் மேலே வர வேண்டும் என்று விரும்புவோர், மானுவல் தரும் ஃப்ரீ பிளே எல்லைக்குள் குறைந்த அளவுவரை போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் நிறுத்திச் சோதியுங்கள். சரியானதும், ராடு கூடவே சுழன்றுவிடாதபடி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, ஃப்ரீ பிளேயை மறுபடியும் அளந்து பாருங்கள். நட்டை இறுக்கும்போதே அளவு மாறிவிடுவது எல்லோருக்கும் நேரும்.

கால் சுற்று என்பது மிகவும் குறைவாகத் தெரிகிறதே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. பெடலின் நெம்பு விகிதம் 6 என்று வைத்துக்கொள்வோம். அதாவது புஷ் ராடு 1 மி.மீ. நகர, கால் வைக்கும் இடம் 6 மி.மீ. நகர வேண்டும். ராடின் திரெட் பிட்ச் 1.25 மி.மீ. என்றால், ஒரு முழுச் சுற்று பெடலில் 7.5 மி.மீ. ஆகிவிடும். கால் சுற்றே ஏறத்தாழ 2 மி.மீ.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், பழைய கார்களின் பெடல் ஏன் தளர்கிறது என்பதும் விளங்கும். கவையின் பின் ஆணியும் அது நுழையும் ஓட்டையும் சேர்ந்து வெறும் 0.4 மி.மீ. தேய்ந்திருந்தால், பெடலில் 2.4 மி.மீ. தூரம் காணாமற்போகிறது. அந்தத் தேய்மானத்தை ராடை நீட்டி ஈடுகட்டுவதைவிடப் புதுப் பின் ஆணியைப் போடுவதே சரியான வேலை.

காற்றின் கணக்கு இன்னும் வியப்பானது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 15.87 மி.மீ. என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 198 சதுர மி.மீ. குழாயில் 1 மில்லிலிட்டர் காற்று சிக்கியிருந்தால், அதை நசுக்கித் தீர்க்கவே பிஸ்டன் 5 மி.மீ. நகர வேண்டும். பெடலில் அது 30 மி.மீ. ஒரு சிறு குமிழி பெடலின் பயணத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, காற்றை எடுக்காமல் ராடைத் திருப்புவதற்கு யாருக்கும் மனம் வராது.

காற்று எடுப்பதும் ஆயில் மாற்றுவதும் எப்படி? எந்த ஆயில்?

டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். பேச்சுவழக்கில் ஆயில் என்று சொன்னாலும் இது கிளைக்கால் வகைத் திரவம். என்ஜின் ஆயிலோ வேறு கனிம எண்ணெயோ ஒரு சொட்டு கலந்தாலும் சீல்கள் ஊதிப் பாழாகும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதில் கலக்கக் கூடாது. புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய நிலைக்கு அதே விதி சொல்லும் அளவு 155 டிகிரிதான். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே திறந்து நெடுநாளான டின்னைப் பயன்படுத்தாதீர்கள், காரிலுள்ளதையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயிண்ட்டின் மேல் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

காற்று எடுக்க இருவர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலில் மூழ்கவிடுங்கள். ஒருவர் பெடலை நிதானமாக மிதித்துத் தரையில் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைத் திறந்து ஆயில் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடல் மேலே வரலாம். வேகமாக அடித்தால் காற்று நுரையாகக் கலந்து வெளியே வராமல் அடம்பிடிக்கும். முதல் தலைமுறைக் காரில் கிளட்சுக்கெனத் தனி ஆயில் டப்பா இருக்கிறது, அதுவும் மிகச் சிறியது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை நிரப்பாவிட்டால் டப்பா வற்றி, எடுத்த காற்றைவிட அதிகக் காற்று உள்ளே போய்விடும்.

கிளட்ச் பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளேயை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

தேவையில்லை. பிளேட் தேயும்போது டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கின் பக்கம் நகர்ந்து ஸ்லேவ் பிஸ்டனைப் பின்தள்ளுகின்றன. அதற்குச் சமமான ஆயில் மேலே சொன்ன சிறு துளை வழியே டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது. இதனால் பிடிக்கும் இடம் பெரிதாக மாறுவதில்லை. கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் இந்த வசதி கிடையாது. பிளேட் தேயத் தேய அங்கே ஃப்ரீ பிளே குறையும், பிடிக்கும் இடம் மேலே ஏறும், அவ்வப்போது கேபிளைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும்.

பெடல் வரவரக் கனமாகிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

இதற்குப் பெடலில் மருந்து இல்லை. பிளேட் தேய்ந்தால் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் சாய்வு மாறி, அதை அமுக்கத் தேவையான பலம் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கனத்த பெடல் பெரும்பாலும் தேய்ந்த கிளட்சின் அடையாளம். ரிலீஸ் பேரிங் சறுக்கும் குழல் கிரீஸ் வற்றிக் காய்ந்திருந்தாலும், ஃபோர்க் நெம்பும் குமிழ் தேய்ந்திருந்தாலும் பெடல் கனக்கும், கூடவே ஒரு முனகலும் கேட்கும். கியர்பாக்ஸை இறக்கும் நாளில் இவற்றுக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ் இடுங்கள். அதிகம் வைத்தால் அது சிதறிக் கிளட்ச் பிளேட்டில் படியும்.

பலமான பிரஷர் பிளேட்டை மாற்றிப் போட்டவர்களுக்குக் கனம் கூடுவது அதன் விலை. அதைக் குறைக்க வழி தேடுவதைவிட, காரின் திறனுக்கு அவ்வளவு பலமான கிளட்ச் தேவைதானா என்று வாங்குமுன் யோசிப்பது நல்லது. என்ஜினில் மாற்றம் செய்யாத எம்.எக்ஸ்-5க்கு கம்பெனி அளவிலான கிளட்சே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிடிக்கும் இடம் மேலே வருமா?

வரும், அதற்கு ஈடாகக் கனமும் வரும். 15.87 மி.மீ. சிலிண்டருக்குப் பதிலாக 17.46 மி.மீ. போட்டால் பரப்பு 21 விழுக்காடு கூடுகிறது. அதே மிதிக்கு ஸ்லேவ் 21 விழுக்காடு கூடுதலாக நகரும், காலும் 21 விழுக்காடு கூடுதலாக அழுத்த வேண்டும். ஸ்லேவ் அதிகம் நகர்வதால் டயாஃப்ரம் ஸ்பிரிங் தன் எல்லையைத் தாண்டி அமுங்கும் ஆபத்தும் உண்டு. அப்படிச் செய்வோர் பெடலுக்குக் கீழே தரையில் ஒரு தடுப்பு போல்ட் வைத்து, கிளட்ச் முழுதாக விடுபட்டபின் சிறிது தூரத்திலேயே பெடலை நிறுத்திவிட வேண்டும்.

ரப்பர் குழாயை எடுத்துவிட்டு ஸ்டீல் பின்னல் குழாய் போடுவது பயன் தருமா?

பழைய ரப்பர் குழாய் அழுத்தத்தில் ஊதியிருந்தால் நிச்சயம் பயன் தரும். நல்ல ரப்பர் குழாய்க்குப் பதிலாகப் போட்டால் வேறுபாடு சிறிதாகவே இருக்கும். குழாயை மாற்றிவிட்டு "பெடல் புதிதாகிவிட்டது" என்று மகிழ்வோர் பலருக்கும், அப்போது புதிதாக ஊற்றிய ஆயிலும் வெளியேறிய காற்றும்தான் பாதி நன்மையைச் செய்திருக்கும்.

என்னிடம் இருப்பது டொயோட்டா 86. பெடல் பாதி தூரத்தில் திடீரென இலகுவாகிவிடுகிறது. இதையும் புஷ் ராடில் சரிசெய்யலாமா?

முடியாது, அது வேறு கதை. 2012இல் வந்த டொயோட்டா 86, அதன் உடன்பிறப்பான சுபாரு பி.ஆர்.இசட். ஆகியவற்றின் பெடலில் உதவி ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. பெடல் மேலே இருக்கும்போது அதைப் பிடித்து நிறுத்தும் அந்த ஸ்பிரிங், ஒரு குறிப்பிட்ட புள்ளியைக் கடந்ததும் மறுபக்கம் சாய்ந்து காலுக்கு உதவத் தொடங்குகிறது. நெரிசலில் கால் வலிக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஸ்பிரிங் தள்ளும் பலமும் கிளட்சின் பலமும் காலில் கலந்து வருவதால், பிடிக்கும் இடம் மங்கலாகத் தெரிகிறது. இதனால்தான் பலரும் மென்மையான ஸ்பிரிங்கை வாங்கி மாற்றுகிறார்கள். 2015 முதல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கிலும் இதே வகை ஸ்பிரிங் உண்டு, அங்கும் இதே மாற்றம் பரவலாகச் செய்யப்படுகிறது. ஸ்பிரிங்கை முழுவதும் எடுத்துவிடுவதைவிட மென்மையானதை மாட்டுவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் பெடல் மேலே திரும்பி நிற்பதற்கும் அதன் பங்கு இருக்கிறது. அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் என்பதால், கழற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

பி.எம்.டபிள்யூ. ஈ46 போன்ற கார்களில் மங்கலுக்குக் காரணம் இன்னொன்று. ஸ்லேவ் சிலிண்டருக்கு முன்னால் ஆயிலின் ஓட்டத்தை நெருக்கும் தாமத வால்வு ஒன்று வைத்திருக்கிறார்கள். காலைச் சட்டென்று எடுத்தாலும் கிளட்ச் மெதுவாகத்தான் பிடிக்கும். அதை நீக்கினால் பெடலுக்கும் கிளட்சுக்கும் உள்ள தொடர்பு நேராகிறது. காலில் நிதானம் இல்லாதவருக்கு அதிர்வும் நேராக வந்து சேரும்.

பெடலை மிதிக்கும்போது கிறீச் என்று சத்தம் வருகிறது.

பெடல் தொங்கும் அச்சின் புஷ்கள், அதாவது அச்சைத் தாங்கும் சிறு வளையங்கள், காய்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். துடைத்து, கிரீஸ் இட்டு, ஆட்டம் இருந்தால் புஷ்களை மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்தது. ஓட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

இருக்கையை முதலில் பூட்டி, வழக்கமாக ஓட்டும் தூரத்தில் வைத்து உட்காருங்கள். இருக்கை மாறினால் காலின் கோணம் மாறும், கோணம் மாறினால் தீர்ப்பும் மாறும். வழக்கமாகப் போடும் காலணியையே அணியுங்கள்.

சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் என்ஜினை இயக்கி ரிவர்ஸ் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். பிறகு முதல் கியரில் காலை மெதுவாக எடுத்து, ஆர்.பி.எம். முள் லேசாகச் சரியும் கணத்தில் நிறுத்துங்கள். கதவு திறந்திருக்க, காருக்குப் பக்கவாட்டில் நிற்கும் நண்பர் தரையிலிருந்து பெடலின் உயரத்தை அளக்கட்டும். அந்த எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு பெடல் மாறிவிட்டதா அல்லது மாறியதாகத் தோன்றுகிறதா என்ற ஐயத்தை அந்த எண்தான் தீர்க்கும்.

மேலே முட்டும் சுவிட்ச் உள்ள கார்களில் அதன் வேலையையும் சோதிக்க வேண்டும். குரூஸ் கண்ட்ரோல் இருந்தால், காலியான சாலையில் அதைப் போட்டுவிட்டுப் பெடலைத் தொடுங்கள், உடனே விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் கிளட்சை மிதித்த கணத்தில் என்ஜின் தறிகெட்டு உறுமும். பெடலை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில், அந்த சுவிட்சும் பெடல் தரையைத் தொடுமுன் இயங்குகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, அரைமணி நேரமாவது ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். நான்காவது கியரில் 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். வண்டியை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் குனிந்து, பெடலின் மிதிபலகையை விரல் நுனியால் அழுத்துங்கள். குளிர்ந்திருந்தபோது இருந்த அந்தச் சிறு ஆட்டம் இப்போதும் இருந்தால் லாக் நட்டின் மேல் பெயிண்ட் புள்ளி ஒன்றை வைத்துவிட்டு டூல் பையை மூடலாம். இல்லையென்றால் இருக்கையை மறுபடியும் கழற்றி, ராடைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள்.